கலீனாவுக்குப் போய் வந்தவர்கள் உண்டா?

சிகாகோ புறநகரில் பத்து வருடம் இருந்துவிட்டு, இலினாய் என்றால் தட்டையான சோளக்காடுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் இருபதாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே மூன்று மணி நேரம் போனோம். கடைசிப் பகுதியில் சாலை மேடும் பள்ளமுமாகிவிட்டது. பனியாறுகள் மழித்துச் சமன்செய்யாமல் விட்டுப்போன நிலமாம். அந்தக் குன்றுகளுக்கு நடுவே கலீனா. மக்கள் தொகை சுமார் 3,300.

ஊர்ப் பெயரே ஈயக் கனிமத்தின் பெயர். கடையில் ஒரு துண்டை எடுத்து மகள் கையில் வைத்தேன். எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை, கை தணிந்துவிட்டது. வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்திருக்கிறது. 1840களில் அமெரிக்காவின் ஈயத்தில் பெரும்பகுதி இந்த வட்டாரத்து மண்ணிலிருந்துதான் போயிருக்கிறது.

ஆனால் எனக்கு ஒட்டிக்கொண்டது, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான யுலிசிஸ் கிராண்டின் கதை. ராணுவத்தை விட்டு வந்தவர், விவசாயம் செய்து தோற்று, செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்று, கடைசியில் 1860இல் அப்பாவின் தோல் கடையில் வேலை பார்க்க இந்த ஊருக்கு வருகிறார். தம்பிகள் நடத்தும் கடை! மறு வருடம் உள்நாட்டுப் போர் தொடங்குகிறது. சுமார் 39 வயதில் ஊரைவிட்டுக் கிளம்பியவர், 1865 ஆகஸ்டில் நாட்டின் தலைமைத் தளபதியாகத் திரும்புகிறார். ஊர்ப் பெரியவர்கள் ஒரு செங்கல் வீட்டையே பரிசாகக் கொடுத்தார்கள்.

போரின் நடுவே யாரோ அரசியல் ஆசை உண்டா என்று கேட்டதற்கு, “கலீனாவுக்கு மேயராகி, என் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒரு நடைபாதை போட வேண்டும்” என்றாராம். அவர் திரும்பிய அன்று தெருவின் குறுக்கே, நடைபாதை போட்டாயிற்று ஜெனரல் என்று எழுதித் தொங்கவிட்டார்கள் என்பார்கள். நம்மூர்க் குசும்பு மாதிரியே இருக்கிறது. நீங்கள் போனபோது என்ன பார்த்தீர்கள்?

மாடிசனிலிருந்து

எல்லோரும் கிராண்டோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் குறை. அம்மாவுக்கு ஒரு அஞ்சலட்டை போடலாமே என்று அங்கே தபால் நிலையத்துக்குள் போனேன். சுண்ணாம்புக்கல் கட்டடம், 1850களின் கடைசியில் கட்டியது. இன்னும் தபால் நிலையமாகவே ஓடுகிறது. கட்டட வேலையை மேற்பார்வை பார்த்தவர் ஈலி பார்க்கர், செனெக்கா பழங்குடியைச் சேர்ந்த பொறியாளர். முதலில் சட்டம்தான் படித்தார். பூர்வகுடிகள் அன்றைக்குக் குடிமக்களே இல்லை என்பதால் வழக்கறிஞராக விடவில்லை.

தோல் கடைக்காரர் கிராண்டுக்கும் இவருக்கும் நட்பு உண்டானது இந்த ஊரில்தான். 1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமேட்டக்ஸில் தென்மாநிலப் படைத் தளபதி லீ சரணடைந்தபோது, நிபந்தனைகளை மையில் எடுத்தெழுதியது பார்க்கரின் கை. கிராண்ட் ஜனாதிபதியானதும் இவரைப் பூர்வகுடி விவகார ஆணையராக்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி இவர். தபால்தலை வாங்கும்போது இதெல்லாம் தெரியாது. வீட்டுக்கு வந்து படித்துவிட்டு, சுவரையாவது ஒருதரம் தொட்டுப் பார்த்திருக்கலாமே என்று இருந்தது.

அந்த ஊரில் இருந்தவர்களில் மொத்தம் ஒன்பது பேர் ஜெனரல்கள் ஆனார்கள். ஒருவர் நகைக்கடைக்காரர், ஒருவர் துப்பாக்கி செய்பவர். ஜான் ராலின்ஸ் கரி சுட்டுப் பிழைத்த குடும்பத்துப் பையன், வக்கீலாகி, கிராண்டின் போர்த்துறைச் செயலராக இருந்தபோதே 1869இல் காசநோயில் போய்விட்டார்.

டபியூக்கிலிருந்து

மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரை மணி தூரத்தில் இருக்கிறேன், விருந்தாளி வந்தால் கலீனாதான். கடைத்தெருவுக்குள் நுழையும் இடத்தில் பெரிய இரும்புக் கதவுகள் இருக்குமே, கவனித்தீர்களா? வெள்ளம் வந்தால் சாத்துவதற்கு. இன்றைக்கு ஊருக்குள் ஓடும் கலீனா ஆற்றைப் பார்த்தால் ஓடை மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் மிசிசிப்பியிலிருந்து நீராவிப் படகுகள் ஊர் வரை வந்த ஆறு. சுரங்கத்துக்கும் ஈயம் உருக்கும் உலைக்கும் மலை மரங்களை வெட்டித் தள்ளினார்கள், மண் சரிந்து ஆறு தூர்ந்தது. 1849இல் தங்கம் என்றதும் சுரங்க ஆட்கள் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள், அப்புறம் ரயிலும் வந்தது, படகு வியாபாரம் படுத்தது. பழைய கட்டடங்கள் இவ்வளவு மிஞ்சியதற்குக் காரணம் ரசனை இல்லை. இடித்துக் கட்டக் காசில்லை!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஈயத்தை முதலில் எடுத்தது மெஸ்க்வாக்கி, சாக் என்ற பூர்வகுடி மக்கள். 1820களில் கென்டக்கியிலிருந்து வந்த முதலாளி ஒருவர் கறுப்பின அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார். கடைத்தெருவில் ஐஸ்கிரீமோடு நடக்கும்போது இது கண்ணில் படாது.

நேப்பர்விலிலிருந்து

அக்டோபரில் மாமியாரைக் கூட்டிப்போகிறோம். படிக்கட்டு நிறைய என்கிறார்களே, முழங்கால் வலிக்காரர் கிராண்ட் வீட்டைப் பார்க்க முடியுமா?

தொடங்கியவன்

பயப்படாதீர்கள். அந்தப் படிக்கட்டெல்லாம் கடைத்தெருவுக்கு மேலே, பழைய உயர்நிலைப் பள்ளிப் பக்கம். கிராண்ட் வீடு ஆற்றின் அக்கரையில், காரிலேயே போய் இறங்கலாம். பேரப்பிள்ளைகள் ஈயக்கல்லைத் தொட்டால் மட்டும், சாப்பிடுவதற்கு முன் கை கழுவச் சொல்லுங்கள்.