பின் இடது கதவு மட்டும் லாக் ஆகலை: ஸ்கேனர்ல எங்க பார்க்கணும்?

கேள்வி (கிருஷ்ணகிரி):
கார் ரிமோட்டை அழுத்தினா மூணு கதவு லாக் ஆகுது, பின் இடது கதவு மட்டும் அசையறதில்லைங்க. கதவை ஆட்டினா சில நேரம் வேலை செய்யுது. கார்ல செருகிப் பார்க்கிற சின்ன ஓபிடி ரீடர்ல கோளாறு கோடு (code) எதுவும் வரலை. மோட்டாரை மாத்திடலாமா?

பதில் (ஓசூர்):
மாத்தாதீங்க. அந்த ரீடர் இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். கதவு லாக், பாடி கன்ட்ரோல் மாட்யூல்ங்கிற தனி கம்ப்யூட்டர் கையில இருக்கு. அதுக்குள்ள போற ஸ்கேனர் வேணும். லைவ் டேட்டாவுல கதவு திறந்து மூடும்போது ஸ்விட்ச் நிலை மாறுதான்னு பாருங்க. அப்புறம் ஆக்டிவ் டெஸ்ட்ல, அதாவது ஸ்கேனர்ல இருந்தே லாக், அன்லாக் கட்டளை குடுங்க. ஒண்ணு முக்கியம்: பல வண்டிகள்ல பயணிகள் கதவு எல்லாத்துக்கும் ஒரே அவுட்புட். ஒரு கதவு மட்டும் செத்தா மாட்யூலுக்கே தெரியாது, கோடும் வராது. மத்த கதவு வேலை செய்யறதால ஃபியூஸ், ரிலே மேல சந்தேகம் வேண்டாம்.

பதில் (தருமபுரி):
ஆட்டினா வேலை செய்யுதுன்னா, தூணுக்கும் கதவுக்கும் நடுவுல உள்ள ரப்பர் உறைக்குள்ள வயர் அறுந்திருக்கும். மோட்டார் கனெக்டரைக் கழட்டி ரெண்டு பின்னுக்கும் நடுவுல டெஸ்ட் லேம்ப் போடுங்க. லாக், அன்லாக் ரெண்டுக்கும் ஒரு கணம் பளிச்சுனு எரியணும். மல்டிமீட்டரை நம்பாதீங்க, ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். வயர் மாத்தினா ஜாயின்ட் ரப்பர் உறைக்கு வெளியே வரட்டும்; மடங்குற இடத்துல வெச்சா மறுபடியும் அறுந்துடும்.

பதில் (காவேரிப்பட்டணம்):
லேம்ப் நல்லா எரிஞ்சும் கதவு அசையலைன்னா மட்டும் மோட்டார். அதுக்கு முன்னாடி லாட்ச்ல (கதவைப் பிடிக்கிற கொக்கி) தூசி இறுகியிருக்கான்னு கையால தள்ளிப் பாருங்க.