புதுப்பிப்பு: தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கம் மரம் அறுக்க வருபவர்களுக்கு

2018 நவம்பர் 16 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அகற்ற மெஷின் ரம்பத்தோடு ஆள் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நிறையப் பேர் வந்துவிட்டீர்கள், மனமார்ந்த நன்றி.

இப்போது ஆள் போதும், வேலையை ஒழுங்குபடுத்துவதுதான் பாக்கி. வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) வந்து சாய்ந்த மரங்களைக் கணக்கெடுக்காத தோப்பில் தயவுசெய்து ரம்பம் வைக்காதீர்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 என்று அரசு நிவாரணம் அறிவித்திருக்கிறது. எண்ணும் முன்பே மரம் துண்டாகிக் கிடந்தால் அந்த விவசாயிதான் ஆபீஸ் ஆபீஸாக அலையணும். அதனால் வீட்டின் மேல் சாய்ந்ததும் பாதையை மறிப்பதும் முதலில், தோப்பு பிறகு.

ஒவ்வொரு குழுவோடும் உள்ளூர்க்காரர் ஒருவர் கட்டாயம். மட்டைக்கு அடியில் எங்கே மின்கம்பி கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் மேல்மரத்திலிருந்து அறுங்கள். அடிமரத்தில் கை வைத்தால் மேலே இருப்பது உருண்டு காலில் விழும்.

துண்டுகளைத் தோப்பிலேயே மட்கவிடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். தப்பி நிற்கும் நாலு மரத்தையும் குடைந்துவிடும்.

பழைய துணி இனி வேண்டாம். பெட்ரோல், செயின் ஆயில், கையுறை அனுப்புங்கள்.