ஹாங்காங்–டோக்கியோ விமானம்: போக நாலேகால் மணி நேரம், வர அஞ்சேகால். ஏன்?

பதிவு 1
ஜனவரி. ஹாங்காங்கிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம். தைவானைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முன்சீட்டுத் திரையில் வேகம் 1,120 கி.மீ. என்று வந்தது. திரும்பும்போது அதே ரக விமானம் 740-ஐத் தாண்டவில்லை. தூரம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 2,900 கி.மீ. அந்த 1,120-தான் மனதைவிட்டுப் போகவில்லை. அந்த உயரத்தில் ஒலியின் வேகமே சுமார் 1,060 தானே?

பதிவு 2
ஒலியை மீறவில்லை நண்பரே. திரையில் வருவது தரையை வைத்துக் கணக்கிடும் வேகம். சுற்றியுள்ள காற்றில் விமானம் வழக்கம்போல 900-ல்தான் போகிறது. அந்தக் காற்றே கிழக்கு நோக்கி ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேகக் காற்று) மணிக்கு 300 கி.மீ.யைத் தொடுவது அபூர்வமில்லை. வழி நெடுகச் சராசரி 150 என்று வையுங்கள். போக 2,900-ஐ 1,050-ஆல் வகுத்தால் 2 மணி 46 நிமிடம். வர 750-ஆல் வகுத்தால் 3 மணி 52 நிமிடம். ஏறி இறங்குவதும் ஓடுபாதைக்கு உருண்டு போவதும் தனி.

பதிவு 3
எல்லாவற்றுக்கும் காற்றா? சென்னை–சிங்கப்பூரும் கிட்டத்தட்ட 2,900 கி.மீ.தான். போக, வர இரண்டுமே நாலு, நாலேகால் மணி. தாமதக் கணக்கு வராமலிருக்க கம்பெனிக்காரர்கள் நேரத்தைக் கூட்டிப் போடுகிறார்கள். அப்படியே காற்று என்றாலும் போனதில் மிச்சம், வந்ததில் செலவு, சரியாகிவிடும்.

பதிவு 4
சரியாகாது சார். பதிவு 2-ன் கணக்கையே கூட்டுங்கள்: 6 மணி 38 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 6 மணி 27. எதிர்காற்றில் அதிக நேரம் கிடப்பதால் இழப்புதான் பெரிது. சென்னை 13 டிகிரி வடக்கு, சிங்கப்பூர் 1 டிகிரி. அந்த ஜெட் ஸ்ட்ரீம் ஓடுவது 30 டிகிரி வடக்கை ஒட்டி. அங்கே வித்தியாசம் தெரியாததற்கு அதுதான் காரணம். நேரம் கூட்டிப் போடுவது உண்மைதான், ஆனால் ஒரு திசைக்கு மட்டும் ஒரு மணி நேரமா கூட்டுவார்கள்?

டோக்கியோவிலிருந்து வந்து ஹாங்காங்கில் சென்னை விமானம் மாறுபவர்கள் கவனியுங்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜப்பான் ஒரு மணி முன்னால். மாலை 5-க்குக் கிளம்பி இரவு 9.15-க்கு இறங்கினால் பயணம் நாலேகால் இல்லை, ஐந்தேகால். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இடைவெளி மூன்று மணியாவது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய ஹாங்காங்குக்குள் நுழைய வேண்டிவரும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதற்கு ஆன்லைனில் வருகைக்கு முந்தைய பதிவு (pre-arrival registration) கட்டாயம், கிளம்பும் முன்பே. டோக்கியோ நகருக்குள் தங்குபவர்களுக்கு இன்னொரு விமான நிலையமான ஹனேடா அரை மணி. நரிட்டா என்றால் ரயிலிலேயே ஏறத்தாழ ஒரு மணி. ஜெட் ஸ்ட்ரீமின் ஓரத்தில் மேகமே இல்லாமல் குலுக்கும், பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

பதிவு 5
முன்சீட்டுத் திரையில் எதிர்காற்று, பின்காற்று என்று தனி வரி சில விமானங்களில் வரும். 1,120 வந்தபோது அதில் என்ன இருந்தது?