டேபிள் டென்னிஸ் நேஷனல்ஸ் (தேசியப் போட்டி) ஆட யாரிடம் பதிவு செய்ய வேண்டும்? தேசிய சம்மேளனம் நமக்கு என்னதான் செய்கிறது?

கோத்தகிரி அப்பா:
மகளுக்குப் பதிமூன்று வயது. இங்கே ஒரு கிளப்பில் டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள், பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் மாவட்ட அளவில் ஜெயித்தும் இருக்கிறாள். அடுத்தது நேஷனல்ஸ்தான் என்று ஒரே பிடிவாதம். பிடி மாஸ்டரைக் கேட்டால் "ஃபெடரேஷனில் பதிவு செய்யணும்" என்பதோடு சரி. டெல்லிக்கே எழுத வேண்டுமா? டேபிள், கோச் எல்லாம் அவர்கள் தருவார்களா? கிளப்பில் இருப்பது ஒரே டேபிள், அதுவும் நடுவில் வளைந்து கிடக்கிறது.

குன்னூர் பேக்ஹேண்ட்:
டெல்லிக்கு எழுத வேண்டாம் அண்ணா. கீழே மாவட்டச் சங்கம், அதற்கு மேல் தமிழ்நாடு டேபிள் டென்னிஸ் சங்கம், அதற்கும் மேல்தான் இந்திய டேபிள் டென்னிஸ் சம்மேளனம். பிறப்புச் சான்றிதழோடு கீழிருந்துதான் போக வேண்டும். பள்ளிப் போட்டிகள் தனிப் பாதை, அங்கே ஜெயித்தது சங்கத்தின் ரேங்கிங்கில் சேராது. மாநில ரேங்கிங் போட்டிகளில் 15 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடி மேலே வந்தால்தான் தமிழ்நாடு அணி, அந்த அணியில்தான் நேஷனல்ஸ்.

சம்மேளனத்தின் வேலை தேசியப் போட்டிகள் நடத்துவது, ரேங்கிங் போடுவது, இந்திய அணியைத் தேர்வு செய்வது. உலக சாம்பியன்ஷிப்புக்கு யாரும் தனியாகப் பெயர் கொடுக்க முடியாது, சம்மேளனம்தான் அனுப்பும். டேபிளுக்கு நீங்கள் உள்ளூரில்தான் அலைய வேண்டும், அதில் எனக்கும் நிறைய வருத்தம் உண்டு, மலையில் பிள்ளைகள் பாதியில் விடுவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஊட்டி ஸ்பின்னர்:
அக்கறையாக ஒன்று சொல்கிறேன், முதலில் பேட்டைப் பாருங்கள். ரப்பரில் சர்வதேச சம்மேளனத்தின் அங்கீகார முத்திரை இருக்க வேண்டும், ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளிச்சென்ற வேறு நிறம் (2021 அக்டோபரில் இருந்து சிவப்பு மட்டும்தான் என்றில்லை). கடையில் ஒட்டி விற்கும் மலிவான பேட்டை நடுவர் திருப்பிக் கொடுத்துவிடுவார், பிள்ளை அங்கேயே உடைந்து போகும்.

அப்புறம் நம் ஊர் மிஸ்ட். ஜூன், ஜூலையில் ஹாலுக்குள் பனிமூட்டம் வந்தால் ரப்பர் மேல் ஈரம் படிந்து பந்து வழுக்கும், லூப் (பந்தை மேல்நோக்கி உரசிச் சுழலவிடும் அடி) போட்டால் நேராக நெட்டில் விழும், ஒவ்வொரு பாயிண்டுக்கும் டி-ஷர்ட்டில் துடைத்துக்கொண்டே ஆடுவோம். ஊட்டி 2,240 மீட்டர், காற்று மெலிசு, பந்து வேகமாகப் போகும், ஸ்பின் கொடுத்தாலும் அவ்வளவாக வளையாது. சென்னையில் அதே அடி சட்டென்று கீழே இறங்கும். போட்டி அங்கே என்றால், முடிந்தால் ஒரு நாள் முன்னாடியே போய்ப் பயிற்சி எடுக்கட்டும்.

கூடலூர் ரசிகன்:
சம்மேளனம் சொன்னால் எதிர்த்துப் பேசவே முடியாது என்று பயப்படாதீர்கள். 2021-ல் தேசிய முகாமுக்கு வராதவர்களை அணியில் எடுப்பதில்லை என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள், மணிகா பத்ரா டெல்லி உயர் நீதிமன்றம் போனார், விதிக்குத் தடை கிடைத்தது. 2022 பிப்ரவரியில் நிர்வாகத்தையே நிறுத்திவைத்து, பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது நீதிமன்றம். அவ்வளவு பெரிய வீராங்கனையே எழுத்தில் கேட்டுத்தான் வாங்கினார்.

அதனால் மகள் ஆடும் ஒவ்வொரு மாநிலப் போட்டியின் முடிவையும், கட்டணம் கட்டிய ரசீதையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அணித் தேர்வு எதை வைத்து என்று சீசன் தொடங்கும்போதே சங்கத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தேர்வு முடிந்த பிறகு கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.