குன்னூர் வீட்டுக் குழு: கேரோஸ் விரிச்ச பாய்

ஜெனி அக்கா: பெரியப்பா, ஞாயித்துக்கிழமை ஊட்டி எச்ஏடிபி கிரவுண்டுல ஃபுட்பால் பசங்களுக்கு நீங்கதான் அசிஸ்டன்ட் கோச்சாம். பழைய அசிஸ்டன்ட் கோச்சுங்கள்ல யாரோட வேலையைப் பார்த்துச் செய்யலாம்?

பெரியப்பா: கார்லோஸ் கேரோஸ்தான்மா. இங்கிலாந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட்ல மேனேஜர் ஃபெர்குசனுக்குத் துணையா நின்னவரு. 2008-ல ஐரோப்பிய கிளப்புகளோட சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில பார்சிலோனாவோட மோதுறதுக்கு முன்னாடி பிராக்டிஸ் கிரவுண்டுல உடற்பயிற்சிப் பாயை விரிச்சு, டிஃபென்ஸ்ல யார் எங்க நிக்கணும்னு கஜக் கணக்குல காட்டுனாரு. பந்தைக் கையில வச்சுக்கிட்டு நடந்தே ஒத்திகை.

பிரபு: பார்சிலோனா 2 மேட்ச்லயும் கோலே அடிக்கல. அவங்க ஊர்ல 0-0, யுனைடெட்டோட கிரவுண்டு ஓல்ட் டிராஃபோர்டுல ஸ்கோல்ஸ் அடிச்ச ஒத்தை கோல். மெஸ்ஸி இருந்த டீமு!

பிரபு: ஆனா பாய்க்கு எங்க போறது?

பெரியப்பா: யூரியா சாக்கு 8 போதும்டா. நாலா மடிச்சு, காத்துல பறக்காம உள்ள ரெண்டு கைப்பிடி மண்ணு போடு. கல்லு வேண்டாம், கால் பிசகிடும். சாக்கு மேல யாரும் ஏறி நிக்கக் கூடாது, நனைஞ்சா வழுக்கும். பக்கத்துல நிக்கட்டும்.

பெரியப்பா: கோலுக்கு முன்னாடி இருக்குற பெனால்டி பாக்ஸ் கோட்டுல 4 சாக்கு, ஆளுக்கு ஆள் 8 தப்படி. அதுக்கு 10 தப்படி முன்னாடி இன்னொரு 4. நீ பந்தைக் கையில வச்சுக்கிட்டு இடது ஓரத்துலேருந்து வலது ஓரத்துக்கு நட. நீ போற பக்கமே 8 பேரும் சேர்ந்து 5 தப்படி நகரணும். நடையில 10 தடவை, மெதுவோட்டத்துல 5 தடவை.

ஜெனி அக்கா: போன தடவை கடைசிப் பையன் சாக்கை விட்டு அசையவே இல்லையே?

பெரியப்பா: தப்பு அங்கதான்மா. சாக்கு கண்ணு முன்னாடி கிடக்குற வரைக்கும் அவன் பந்தைப் பார்க்க மாட்டான். அவனுக்கும் நடுவுல நிக்கிறவனுக்கும் இடைவெளி விழும், பந்து அது வழியா உள்ள வந்துடும். 15 நிமிஷத்துல சாக்கை எல்லாம் எடுத்துடணும். அப்புறம்தான் பந்தைக் காலுக்குக் கொடுக்கணும்.

சென்னை சித்தப்பா: நம்ம சபீர் பாஷாவை விட்டுட்டீங்களேண்ணா! சென்னையின் எஃப்சி 2018-ல ஐஎஸ்எல் கோப்பை வாங்குனப்ப ஹெட் கோச் ஜான் கிரிகரிக்கு அசிஸ்டன்ட். 2022 பிப்ரவரியில ஹெட் கோச் போனப்ப டீமைக் கையில எடுத்தவரு. நம்ம ஊர் மனுஷன், இந்தியாவுக்கு ஆடுனவரு.

பிரபு: அந்த ஃபைனல்ல பெங்களூரை 3-2. நம்ம டிஃபென்டர் மெயில்சன் ரெண்டு தடவை கார்னர் கிக்ல வந்த பந்தைத் தலையால முட்டி கோல் போட்டாரு. நாமளும் கார்னர் பழகலாமா?

பெரியப்பா: பழகலாம். சின்னப் பசங்க தலையால முட்ட வேண்டாம், ஓடி வந்து கையால பிடிக்கட்டும். பழக வேண்டியது ஓட்டம்தான். பாக்ஸ் கோட்டுல நின்னு, அடிக்கிறவன் ஓடி வர ஆரம்பிச்சதும் கிளம்பணும். முன்னாடியே போனா நின்ன இடத்துல குதிக்க வேண்டியிருக்கும்.

சென்னை சித்தப்பா: புதுப் பந்துக்குக் காத்தடிச்சு பஸ்ல கொடுத்து விடட்டுமா?

பெரியப்பா: அடிக்காம அனுப்பு. ஊட்டி 2,240 மீட்டர் உசரம். கீழ அடிச்ச பந்து இங்க வந்தா கெட்டியாயிடும். கிரவுண்டுலயே கேஜ் வச்சு காத்தழுத்தம் 9 பிஎஸ்ஐ வர்ற மாதிரி அடிச்சுக்கிறோம். காத்தும் லேசு, உதைச்சா தூரமாப் போகும், வளையாது. கார்னர் அடிக்கிறவன் ரெண்டு தப்படி முன்னாடியே குறி வைக்கட்டும்.

ஜெனி அக்கா: ஒருத்தன் காலை இழுத்து இழுத்து நடக்குறான் பெரியப்பா. வலிக்கலைன்னு சொல்றான்.

பெரியப்பா: அவனை ஆட இறக்காதே. இங்கிலாந்து கிளப் லிவர்பூல்ல மேனேஜர் ஷாங்க்லிக்குத் துணையா இருந்த பாப் பெய்ஸ்லி, அடிபட்டவங்களைக் கவனிக்கிற பிசியோ வேலையும் தெரிஞ்சவரு. 1974-ல மேனேஜரா பொறுப்பேத்து 3 ஐரோப்பியக் கோப்பை வாங்குனாரு. பசங்க சொல்றதை விட நடையைப் பாரு.

பெரியப்பா: சாக்கு ஜீப்புல ஏத்தியாச்சு. காலைல 7 மணிக்கு வந்துடுங்க. மிஸ்ட் இறங்கிட்டா அந்தக் கடைசிச் சாக்கே தெரியாது.