வீரம் பற்றிப் பிள்ளைகளிடம் பேச ஒரு உதவி வேண்டும்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கழுகுமலைக்குக் கூட்டிப் போகிறோம். வீரம் என்றால் என்ன என்று அங்கே வைத்துப் பேச ஆசை.

நம்ம பக்கத்தில் வீரன் என்றால் முத்துப்பட்டன். மாட்டைக் களவாண்டு போனவர்களோடு சண்டை போட்டு உயிரை விட்டவன். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோவிலில் இன்றைக்கும் கும்பிடுகிறோம். கழுகுமலைப் பாறையில் சிற்பமாக இருக்கும் பாகுபலியோ, அண்ணன் பரதனை ஜெயித்தும், அவனை அடிக்க ஓங்கிய கையை நிறுத்தி, நாடே வேண்டாம் என்று தவத்துக்குப் போன சமணர். கை கால் எல்லாம் கொடி சுற்றியிருக்கும், பக்கத்தில் சகோதரிகள் இருவரும் நிற்பார்கள். அடிக்க ஓங்கிய கையை நிறுத்துவது, செத்துப் போகத் துணிவதை விடக் குறைந்த வீரம் இல்லை என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும்.

அம்பாசமுத்திரம், தென்காசி பக்கம் முத்துப்பட்டன் கதையை முழுசாகப் பாடும் வில்லுப்பாட்டுக் குழு இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், தமிழ்ச் சமணக் குடும்பத்தினர் இந்தக் குழுவில் இருக்கிறீர்களா? பாகுபலி கதையை உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வார்கள்? குரல் பதிவாக அனுப்பினாலும் போதும், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன்.