அமாங் அஸ்: பேச்சில் கெட்டிக்காரரான இம்போஸ்டரை எப்படிப் பிடிப்பது?

மஞ்சள்தொப்பி கேட்கிறார்:

வணக்கம். கல்லூரிக் காலத்து நண்பர்கள் பத்துப் பேர் சனிக்கிழமை இரவுகளில் அமாங் அஸ் விளையாடுகிறோம். விண்கலத்தில் டாஸ்க் எனும் சிறு வேலைகளைச் செய்யும் க்ரூமேட்டுகளுக்கு நடுவே, அவர்களைக் கொல்லும் இம்போஸ்டர்கள் ஒளிந்திருக்கும் ஆட்டம் அது. பிணத்தைக் கண்டவர் ரிப்போர்ட் செய்ததும் கூட்டம் கூடி, வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவோம். ஸ்கெல்டு வரைபடம், இரண்டு இம்போஸ்டர்கள், கூட்டம் கூடும்போது மட்டும் மைக்கைத் திறந்து பேசுவது என்பது எங்கள் ஏற்பாடு. எங்களில் சிவப்பு நிறத்தில் வரும் நண்பர் இம்போஸ்டராக அமைந்துவிட்டால் பெரும்பாலும் அவரே வெல்கிறார். அவருக்குக் குரல் பிசிறுவதில்லை. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. நானோ க்ரூமேட்டாக இருக்கும்போதே திக்கித் திணறி, எல்லோருடைய சந்தேகத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

சென்ற வாரம் மின்சார அறையில் ஒரு பிணத்தைக் கண்டு நான்தான் ரிப்போர்ட் செய்தேன். "நான் மெட்பே மருத்துவ அறையில் இருந்தேன், நீலம் என்னைப் பார்த்தார்" என்றார் சிவப்பு. நீலமும் ஆமோதித்தார். பிறகு ஆறு பேர் சேர்ந்து என்னை விண்வெளியில் தள்ளினார்கள். ஒருவர் பேசும் விதத்தை வைத்தே பொய்யைக் கண்டுகொள்ளப் பழக முடியுமா?

வென்ட்மூடி:

பழக முடியும் என்று நம்பித்தான் நானும் ஓராண்டை வீணாக்கினேன். 2006இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் மனிதர்கள் சராசரியாக 54 விழுக்காடு அளவுக்கே சரியாக இருக்கிறார்கள் என்று கண்டார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாகிவிடும். குரலை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் குழுவில் உங்களைப் போன்ற பதற்றக்காரர்கள் முதலிலும், சிவப்பைப் போன்றவர்கள் கடைசியிலும் வெளியேறுவார்கள்.

உங்கள் ஆட்டத்தில் நீலம் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஸ்கெல்டில் மெட்பே, செக்யூரிட்டி, மின்சார அறை ஆகிய மூன்றும் இம்போஸ்டர்கள் புகுந்து செல்லும் ஒரே வென்ட்டால் (காற்றுக் குழாயால்) இணைந்தவை. மின்சார அறையில் கொன்றவர் மறுகணமே மெட்பேயில் எழுந்து நின்று, கதவுப் பக்கம் வருபவர் கண்ணில் படும்படி ஸ்கேனர் அருகே அசையாமல் நிற்கலாம். ஆகவே "எங்கே பார்த்தீர்கள்" என்று கேட்பதோடு விடாமல், "எப்போது பார்த்தீர்கள், அவர் எந்தப் பக்கமிருந்து வந்தார், அதற்கு முன்னே அங்கே யார் இருந்தார்" என்றும் நீலத்திடம் கேட்டிருக்க வேண்டும். சிவப்பு உள்ளே நுழைவதை நீலம் பார்க்கவில்லை என்றால் அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பே இல்லை.

எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். பிணத்தைக் கண்டவர், மற்ற எல்லோரும் தாங்கள் இருந்த இடத்தைச் சொல்லி முடிக்கும்வரை, பிணம் கிடந்த அறையைச் சொல்லக் கூடாது. ஒருமுறை ரிப்போர்ட் செய்தவர் வாயே திறக்கவில்லை. அதற்குள் இளஞ்சிவப்பு, "நான் அட்மினிலேயே இருந்தேன், மின்சார அறைப் பக்கம் போகவே இல்லை" என்றார். மின்சார அறை என்று அவரிடம் யார் சொன்னது? தெரியாதவருக்குத் தெரியாதது இயல்பாகவே தெரியாது. தெரிந்தவர்தான் தெரியாததுபோல் நடிக்க வேண்டியிருக்கிறது, அந்த நடிப்பில்தான் சறுக்குகிறார். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாயான மாஃபியாவை 1980களில் மாஸ்கோவில் உருவாக்கிய டிமிட்ரி டேவிடாஃபும், விவரம் அறிந்த சிலருக்கும் அறியாத பலருக்கும் நடக்கும் போட்டியாகவே அதை அமைத்தார்.

பச்சைஹெல்மெட்:

மேலே உள்ளவற்றோடு டாஸ்க்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் எச்சரிக்கையாக. "அவர் ஒயர் இணைத்துவிட்டு நகர்ந்தார், டாஸ்க் முன்னேற்றத்தைக் காட்டும் பச்சைப் பட்டை ஏறவில்லை, அவர்தான் இம்போஸ்டர்" என்று அவசரப்படுபவர்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பல கட்டங்கள் கொண்ட டாஸ்க்கில் கடைசிக் கட்டம் முடிந்தால்தான் பட்டை ஏறும். ஒயர் வேலை வெவ்வேறு அறைகளில் நடக்கும் அப்படிப்பட்ட டாஸ்க். மெட்பே ஸ்கேனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், ஏனெனில் இம்போஸ்டரால் அதைச் செய்ய முடியாது. அதுவும் விஷுவல் டாஸ்க் அமைப்பை (டாஸ்க் செய்வது பிறர் கண்ணுக்குத் தெரியும் வசதியை) அணைத்து வைத்திருந்தால் உதவாது.

பொய்யர் மாட்டுவது பெரும்பாலும் சின்ன விவரத்தில்தான். "நேவிகேஷனில் விண்கற்களைச் சுட்டுக்கொண்டிருந்தேன்" என்றார் ஒருவர். விண்கற்களைச் சுடும் இடம் வெப்பன்ஸ்.

ஏழாம்நபர்:

நண்பர்கள் இருவரும் சொன்னவை முதல் இரண்டு கூட்டங்களுக்குப் பொருந்தும். அதன் பிறகு நான் பேச்சைக் காட்டிலும் வாக்குகளைத்தான் கவனிப்பேன். யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பது (அநாமதேய வாக்கு அமைப்பை இயக்கியிருந்தால் ஒழிய) கூட்டத்தின் முடிவில் திரையில் நிறங்களாகத் தெரியும். குற்றமற்றவர் ஒருவர் வெளியேறிய பின்னர், அவருக்கு எதிரான பேச்சை முதலில் தொடங்கியவரைவிட, ஐந்தாவது ஆறாவது ஆளாகச் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டவரையே நான் குறித்துக்கொள்வேன். தொடங்கியவர் தன் கணிப்புக்குப் பொறுப்பேற்றார். சேர்ந்துகொண்டவர் பழியில்லாமல் பலனை எடுத்துக்கொண்டார்.

எண்ணிக்கையையும் மறக்காதீர்கள். இரு இம்போஸ்டர்களோடு ஏழு பேர் மிஞ்சியிருக்கையில் ஒரு க்ரூமேட்டைத் தவறாக வெளியேற்றினால், ஆளுக்கொரு கொலையில் இரண்டுக்கு இரண்டு எனச் சமமாகி, இம்போஸ்டர்கள் வென்று ஆட்டம் முடிந்துவிடும். அங்கே சான்று இல்லையென்றால் யாரையும் வெளியேற்றாமல் ஸ்கிப் செய்வதே மேல். ஐவர் மட்டும் மிஞ்சும்போது ஸ்கிப் உங்களைக் காப்பாற்றாது, ஏனெனில் அடுத்த ஒரே கொலை போதும். அப்போது உங்களுக்குள்ள மிகச் சிறந்த ஊகத்தின்மீது வாக்களித்தே ஆக வேண்டும்.

மஞ்சள்தொப்பி:

மிக்க நன்றி. நேற்றிரவு வென்ட்மூடி சொன்ன விதியை நடைமுறைப்படுத்தினோம். முதல் ஆட்டத்திலேயே சிவப்பு மாட்டினார்: ஸ்டோரேஜிலிருந்து நேராக மெட்பேக்குப் போனதாகச் சொன்னவர், வழியில் கஃபட்டீரியாவில் நெடுநேரம் நின்றிருந்த மூன்று பேரில் ஒருவரையும் குறிப்பிடவில்லை, அவர்களும் அவரைப் பார்த்திருக்கவில்லை. ஆனால் மூன்றாம் ஆட்டத்திலிருந்து அவர் தந்திரத்தை மாற்றிக்கொண்டார். "நீங்கள் எல்லோரும் சொல்லுங்கள், நான் கடைசியில் சொல்கிறேன்" என்று காத்திருந்து, பிறர் சொன்னவற்றில் இருந்த இடைவெளியில் தன்னைப் பொருத்திக்கொண்டார். அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

வென்ட்மூடி:

எங்கள் குழுவிலும் இதே கதைதான் நடந்தது. பேசும் வரிசையை ஆட்டம் தொடங்கும் முன்பே நிறங்களின் அகரவரிசையில் முடிவு செய்துவிடுங்கள். கூட்டத்துக்குக் கூட்டம் தொடங்கும் ஆளை ஒன்று தள்ளி வையுங்கள். ரிப்போர்ட் செய்தவர் வரிசையைத் தீர்மானிக்க விடாதீர்கள், ஏனெனில் கொன்றவரே ரிப்போர்ட் செய்வதும் உண்டு. தன் முறை வரும்போது "கடைசியில் சொல்கிறேன்" என்பவரிடம் ஒரே வாக்கியத்தில் இடத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, விளக்கத்தைப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.